மெட்டி கழலாத விரல்

வைகாசி 3, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் வந்தது, பிடித்தாயிற்று. ஆறாம் வகுப்புக்கு வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினேன். பார்த்தது ரெண்டே பிள்ளைகள்.

கால் விரல்களில் எரிச்சல். நகத்தைச் சுற்றி நாவல்பழ நிறம். இடது கால் ரெண்டாம் விரல்தான் மோசம், வீங்கி மெட்டியைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அத்தை பார்த்துவிட்டு, "சேத்துப்புண்ணுட்டி. ஈரத்துலயே நின்னா வராம என்ன செய்யும்?" என்றார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவினார். நாற்றம் தாங்கவில்லை.

இவர் வடக்கே மிலிட்டரி ஆஸ்பத்திரியில். லீவு முடிந்து போகிற ரயிலிலேயே காய்ச்சல், இறங்கியதும் கொரோனா என்று படுக்கவைத்துவிட்டார்கள். இன்று ஆக்சிஜன் வைத்திருப்பதாகப் பக்கத்துப் படுக்கைக்காரர் போனில் சொன்னார், ஹிந்தியும் தமிழுமாக. பாதிதான் புரிந்தது. அதுவே போதும்.

வை. 4, செவ்வாய்

இவரே பேசினார், செத்த நேரம். கால் போட்டோ அனுப்பியிருந்தேன். "மலையில டூட்டி பாக்கும்போது எங்களுக்குப் பனியில இப்படித்தான் வரும். ராஜபாளையம் வெயில்ல ஒனக்கு எங்கிட்டு இருந்துட்டி பனி?" சிரிக்கப் போய் இருமல். போன் கட்.

ஐஸ் தண்ணீரில் காலை வைத்தேன். முதலில் இதம், பிறகு முன்னைவிட எரிச்சல். சோப்புப் போட்டும் மெட்டி அசையவில்லை.

வை. 6, வியாழன்

பக்கத்து வீட்டு சரோஜாக்கா ஸ்கூட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊரடங்கு என்று வழியில் போலீஸ் மறித்தது. காலைக் காட்டினேன், விட்டுவிட்டார்கள்.

தோல் டாக்டர், சின்ன வயசுப் பெண். "கொஞ்ச நாளைக்கு முன்னாடி காய்ச்சல், சளி இருந்துச்சாம்மா?" இல்லை. "வாசனை தெரியாம இருந்துச்சா?"

அப்போதுதான் நினைவு. சித்திரையில் சில நாள் மல்லிகைப்பூ மணக்கவே இல்லை. பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டாள் என்று பூக்காரியைத்தான் வைதேன், பாவம்.

"அப்ப உங்களுக்கு வந்துட்டுப் போயிருக்கும்போல. சிலருக்குக் கொரோனாவுக்குப் பின்னாடி கால்விரல்ல இப்படி வருது. பெரும்பாலும் தானா ஆறிரும். ஐஸ் மட்டும் வைக்காதீங்க. ஆனா இந்த மெட்டிய இப்பவே வெட்டி எடுக்கணும். ரத்த ஓட்டம் நின்னுட்டா விரல் போயிரும்."

நர்ஸ் கட்டரோடு வந்துவிட்டார். "வீட்ல கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். நானெல்லாம் ஒரு டீச்சர்.

ஸ்கூட்டியில் வரும்போது வேறு கணக்கு. பூ மணக்காத அந்த நாட்களில் இவர் லீவில் வீட்டில். பக்கத்தில்தான் படுத்திருந்தார். அப்படியானால் ரயிலில் யாரும் தரவில்லை. நான்தான் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சரோஜாக்கா ஏதோ பேசிக்கொண்டே வந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை.

வை. 7, வெள்ளி

அத்தையிடம் இரண்டையும் சொல்லிவிட்டேன், இவருக்கு நோய் கொடுத்தது நான்தான் என்பதையும் மெட்டியை வெட்டவேண்டும் என்பதையும். மனதில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. முதலாவதை விட்டுவிட்டார். மெட்டியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அவன் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கான். இந்த நேரத்துல கழட்டுதேங்கியே, ஒனக்கு மனசு வருதா? ஒங்க மாமா போன அன்னைக்கு எங்கால்ல கழட்டுனாக. அம்புட்டுப் பேரு சுத்தி நின்னாக. அதப் பாத்தவ நான்."

எனக்கும் வரவில்லை மனசு.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பவும். எடுக்கவில்லை.

வை. 8, சனி

விரல் நுனி கறுத்துவிட்டது. ஊசியால் குத்திப் பார்த்தேன். குத்தியதே தெரியவில்லை. அத்தை அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெளியே போனார். சரோஜாக்கா வீட்டிலிருந்து கட்டிங் பிளேயரோடு வந்தார். "கால நீட்டு."

வெட்டும்போது அழுதது அவர்தான். எனக்கு அழுகையே வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். மெட்டி இருந்த இடம் வெள்ளையாகப் பள்ளம். சாயங்காலத்துக்குள் விரல் சிவந்து, குத்தலெடுத்து வலி. வலி வந்ததே நல்லது என்றார் டாக்டர் போனில். வலது காலில் வீக்கமில்லை, அந்த மெட்டி அப்படியே இருக்கிறது.

வை. 9, ஞாயிறு

கஞ்சி குடிக்கும்போது போன், ஸ்பீக்கரில் போட்டேன். இவர்தான். குரல் நூலாக. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மெஷின் சத்தம்.

"லட்சுமி, மெட்டி போட்ருக்கியாட்டி?"

டாக்டர் சொன்னதை நான் இவருக்குச் சொல்லவே இல்லை. தானாகக் கேட்கிறார். சகுனம், நேரம் என்றால் சிரிக்கிற ஆள். ராகுகாலத்தில்தான் பைக் வாங்கினார். அவர் இதைக் கேட்கிறார் என்றால் அங்கே நிலைமை என்ன? போட்டிருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தவள் இடது காலைப் பார்த்தேன்.

அத்தை போனைப் பிடுங்கினார்.

"கெடக்குய்யா, ரெண்டு கால்லயும் கெடக்கு. எங் கண்ணு முன்னாலதான் நிக்கா. நீ மூச்ச விடு."