மேடில்லாத ஊரில் ஜோடி சவாரி

செப்டம்பர் 28, புதன்

ஆறு நாளாகப் பேச்சில்லை.

போன வியாழன் கொழுந்தன் எர்மெஸின் பிறந்தநாள் விருந்து. மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். ஃபெராரா மாதிரி சைக்கிளுக்கு ஏற்ற ஊர் உண்டா, ஒரு மேடு கிடையாதே என்று யாரோ சொன்னார்கள். என் புருஷன் டானிலோ ஒயின் கிளாஸைக் கீழே வைத்தான். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. இருபத்தாறு வருஷமா மிதிக்கிறேன், உச்சி வரல" என்று என் பக்கம் தலையசைத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 1

உப்பு எங்கே என்று கேட்டான். இருக்கிற இடத்தில் என்றேன். இதைப் பேச்சு என்று கணக்கில் வைக்கலாமா?

அக்டோபர் 5, புதன்

சைக்கிள் சங்கத்திலிருந்து கடிதம். அவன் தலையைச் சாய்த்து, காகிதத்தை மூக்குக்குக் கொண்டுபோய், கடைசியில் மேசைமேல் போட்டுவிட்டான். நான் எடுத்துப் படிக்க வேண்டுமாம். கேட்க வாய் வராது.

நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது அவனுக்கு. ஓரங்கள் தெரிகின்றன, நேரே இருப்பது தெரியவில்லை. மே மாதம் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது டாக்டர் மறுத்துவிட்டார். காரை விற்றது தொப்பை குறைக்க என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறான். வேலை வாய்க்கால்களில் நீர்மட்டம் அளப்பது. அளவுகோலை போனில் படம் பிடித்து, பெரிதாக்கிப் பார்த்து எழுதிக்கொள்கிறான். சமையலறையில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினான், எர்மெஸுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று.

இத்தனை மாதமாக அந்தச் சத்தியத்தைக் காத்தேன். நான்தான் மேடு.

அக்டோபர் 9, ஞாயிறு

எழுதாவிட்டால் தூங்க முடியாது.

சைக்கிள் சங்கம் கடிதத்தில் அழைத்திருந்த ஜோடி சவாரி. கோட்டைச் சதுக்கத்தில் புறப்பட்டு, பழைய நகர மதிலின் மேல்பாதையில் சுற்றி, ஐந்து இடங்களில் நிறுத்தம், ஐந்து சாப்பாடு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் நின்றால்தான் அட்டையில் முத்திரை. வராவிட்டால் எர்மெஸ் ஏன் என்று குடைவான். போனோம்.

முதலில் முறுக்கிய கொம்பு ரொட்டியும் சலாமியும். என் தட்டிலிருந்து கேட்காமல் எடுத்தான். அடுத்தது விலாங்கு மீன். முள் எடுத்துக் கொடுப்பேன் என்று காத்திருந்தான், கொடுக்கவில்லை. வழியெல்லாம் உரசல். நான் மணியை அதிகமாக அடிக்கிறேனாம். வளைவுகள் கட்டிய அந்தக் குறுகலான கல் தெருவில் என் சைக்கிளை வந்து இடித்தான். பார்வையால்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "கண்ணு தெரியலையா?" என்றேன், பின்னால் வந்தவர்களுக்கும் கேட்கும்படி. அவன் முகம் வெளுத்தது. எனக்கு அது பிடித்திருந்தது. கடவுளே, பிடித்திருந்தது.

மூன்றாவது நிறுத்தம் தேவதூதர் வாசல் பக்கத்துத் தோட்டத்தில். நீள மேசை, பூசணி அடைத்த கப்பெல்லாச்சிப் பாஸ்தா. எர்மெஸ் எனக்கு நேர் எதிரே.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு இன்னிக்கு மேடு ஈஸியா இருந்துச்சா?"

"செங்குத்து" என்றான் டானிலோ. மறுபடியும் சிரிப்பு.

முள்கரண்டியை வைத்தேன். "மேட்டை இவன் எங்க பார்த்தான்? மே மாசமே லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க. எதிர்ல உக்காந்திருக்கிறவன் மூஞ்சி தெரியாது இவனுக்கு. தொப்பைக்காகத்தான் காரை வித்தான்னு இன்னுமா நம்புறீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மேசைக் கோடியில் அவனுடைய மேலதிகாரி, பிய்த்த ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவர் அங்கே இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். உட்காரும்போதே பார்த்தேன்.

டானிலோ தட்டில் மிச்சமிருந்த மூன்று கப்பெல்லாச்சியையும் ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தித் தின்றான். வாயைத் துடைத்தான்.

"சொல்லி முடிச்சிட்டியா? சாப்பிடு, ஆறிடும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீதி இரண்டு நிறுத்தத்துக்கும் நான் போனேன். எதற்குப் போனேன்? வீட்டுக்குப் போகப் பயம். ஒற்றை ஆளுக்கு முத்திரை கிடையாது என்றார்கள்.

அக்டோபர் 14

அலுவலகம் அவனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. இனி வாய்க்கால் பக்கம் விட மாட்டார்களாம்.

அக்டோபர் 20, வியாழன்

டானிலோ எர்மெஸ் வீட்டுக்குப் போகிறான். பெட்டியைத் தானே அடுக்கினான்.

"நீ சொன்னதுல ஒரு பொய் இல்ல, நீவெஸ். யார்கிட்ட, எப்ப சொல்றதுன்னு நான் முடிவு பண்ணியிருக்கணும். எங்கிட்ட அது ஒண்ணுதான் மிச்சமிருந்துச்சு."

பதினான்கு பேர் முன்னால் என்னை என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"அது ஜோக்கு."

"என்னுதும் ஜோக்குதான்."

கதவை மெதுவாகச் சாத்தினான். படாரென்று அறைந்து சாத்தியிருக்கலாம். அப்படிச் சாத்தியிருந்தால் நான் திட்டியிருப்பேன்.

நவம்பர் 6, ஞாயிறு

பொலோன்யாவிலிருந்து மகள் மிர்த்தா பேசினாள். இரண்டு பேரில் யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லையாம், இரண்டு பேரையும் நினைத்தாலே வெட்கமாக இருக்கிறதாம். கிறிஸ்துமஸுக்கு வரமாட்டாளாம்.

டிசம்பர் 13

பிரிந்துவிடலாம் என்று போனில் சொன்னான். வாக்கியத்தை முடிக்கும் முன்பே சரி என்றேன். அவசரப்பட்டேனா? இல்லை. இல்லை.

ஜனவரி 19, வியாழன்

நகராட்சி அலுவலகம். வெளியே ஒரே பனிமூட்டம். எர்மெஸ் அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டான், என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினான்.

பதிவாளர் பெண், பிரிவுக் காகிதங்களை டானிலோ பக்கம் தள்ளினாள். படித்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். தனக்குப் படிக்க முடியாது என்றான், மழை பெய்கிறது என்பதைப் போல. அதனாலென்ன, நானே படிக்கிறேன் என்றாள் அவள்.

"வேணாம்மா. அவளே படிக்கட்டும். எனக்கு வலிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா அவ ஒரு வார்த்தைகூட விட மாட்டா."

படித்தேன். வீடு யாருக்கு, யார் எதைக் கேட்கக் கூடாது, என் பெயர், அவன் பெயர். கல்யாணத் தேதியையும் படித்தேன். ஒரு வரி விடவில்லை. அவன் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டான்.

எங்கே போடணும் என்றான். அவன் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன். போட்டான். கையெழுத்து சரிந்து இறங்கி என் பெயர் மேலேயே விழுந்துவிட்டது.

வேறு காகிதம் வேண்டுமா என்று கேட்டேன். பரவாயில்லை, செல்லும் என்றாள் பதிவாளர்.