பெயர் வேண்டாம் என்றேன்

என் கண்ணான பேத்திக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கண்ணில் புரை எடுத்த பிறகு எழுத்து பளிச்சென்று தெரிகிறது. உன் புத்தகத்தில் பாதி முடித்துவிட்டேன். "அஞ்சாங்கிளாஸ் படிச்சவளுக்குத் தீவிரவாதமெல்லாம் புரியுமாம்மா?" என்று உன் அப்பன் கேலி செய்தான். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இயக்கத்துக்காரர்கள் பையன்களைக் கூப்பிட்டார்கள், கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

புத்தகத்துக்காக உன்னிடம் பேசிய பையன்கள் யாரென்று சொல், இல்லையேல் பேராசிரியர் வேலை கிடையாது என்று உங்கள் பல்கலைக்கழக விசாரணைக் குழு மிரட்டுவதும் தெரியும். அப்பன் பயந்துபோய், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் துறைத்தலைவருக்குப் போன் போட்டு, "நான் சொன்னா கேப்பா சார், சொல்லிடுவா" என்றுவிட்டான்.

அதற்கு மறுநாள் ஒரு அம்மா, இது உன் வீடுதானா என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. புத்தகத்தில் பேசிய ஒருவனைப் பெற்றவளாம். "எல்லாத்தையும் விட்டுட்டு இப்பத்தான் பொண்டாட்டி புள்ளையோட இருக்கான். பேரு வெளிய வந்தா அந்த இயக்கத்துக்காரனுங்க விட்டு வைக்க மாட்டாங்கம்மா" என்று அழுதாள். மகன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பேச வருகிறவர்கள் பெயரை நீ வீட்டில்கூடச் சொல்ல மாட்டாயே; தெரியாததை யாராலும் மிரட்டி வாங்க முடியாது என்பாயே. "பேரு வேண்டாம்மா. என் பேத்தி வாக்கு கொடுத்தா கொடுத்ததுதான், போய் நிம்மதியா சாப்பிடு" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். அப்பனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று சிரிக்காதே.

வந்தது யாரென்று உன் அப்பன் என்னைத் துளைத்தெடுத்தான். தெரியாது என்றேன், உண்மைதானே? பிறகு உட்காரவைத்து அவள் அழுததைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவனே துறைத்தலைவருக்குப் போன் போட்டு, "நான் பேசினது தப்பு சார். அது என் பொண்ணு கொடுத்த வாக்கு" என்றான். எனக்கு என் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை விசாரணைக் குழு முன் குரலை உயர்த்தாதே, தலையையும் குனியாதே. வேலை போனால் போகட்டும். மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன், அப்பன் தன் மேசையையும் மேலே ஏற்றிவிட்டான். அடுத்த புத்தகத்தை அங்கே எழுது.

நீ நன்றாக இருப்பாய். வெளியே வந்ததும் முதல் போன் எனக்கு. நீ தங்கும் வீட்டுக்குத் தனியாகப் போகாதே கண்ணு, யாரையாவது கூட அழைத்துக்கொள்.

உன் பெயரைச் சொல்லித் தெருவில் நெஞ்சு நிமிர்த்தி நடக்கும்,
பாட்டி