அடிக்கிளை

ஓமியா,
செப்டம்பர் கடைசி

மசாத்தகா அண்ணாவுக்கு,

வெயில் தணிந்ததா, உடம்பு சுகமா என்று விசாரித்துவிட்டுத்தான் நம்மில் கடிதம் தொடங்குவார்கள். இன்று அதைத் தள்ளி வைக்கிறேன். கோபமாக இருக்கிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதியில் குறுக்கிட்டு நீங்களே பேசி முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

முதலில், நான் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மேப்பிள் மரம். ஒபோன் பண்டிகைக்கு நீங்கள் வந்திருந்தபோது, அப்பாவின் கல்லறையைக் கழுவ நான் காலையிலேயே கிளம்பினேன். கால் வலி என்று நீங்கள் வரவில்லை. திரும்பி வந்தால் உங்கள் கையில் என் கத்தரி, முகத்தில் பெரிய சிரிப்பு. “பாரு தோமோயோ, கீழ ஒரு கிளை காடு மாதிரி ஓடிக்கிட்டிருந்துச்சு. வெட்டிப் போட்டேன். இப்பத்தான் பொன்சாய் மாதிரி இருக்கு” என்றீர்கள். முன்னோர் வந்து தங்கும் நாளில் சண்டை வேண்டாமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அண்ணா, அந்தக் கிளை தானாக ஓடவில்லை. நான் ஓட விட்டிருந்தேன். மேல்கிளைகளில் துளிர் விரியும் முன்பே நுனியைக் கிள்ளிவிடுவேன். அடிக்கிளையை மட்டும் தொட மாட்டேன். அது இஷ்டத்துக்கு நீண்டு இலை விட்டால்தான் அடிமரம் பருக்கும். பருத்த பிறகு எடுத்துவிடலாம். அதுவரை பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பொன்சாய்க்குப் பேர்போன ஓமியாவில் பிறந்தவருக்கு இதுகூடத் தெரியாதா? கொதிக்கிற ஆகஸ்டில் வெட்டி, காயத்துக்குப் பசைகூடப் பூசாமல் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். கீழே வேர்வரை பட்டை காய்ந்துபோயிற்று.

பக்கத்து வீட்டு குவாபரா வேலி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “யாரும்மா இது, திருடனா?” என்றார். என் அண்ணன் என்றேன். “திருடனா இருந்தா தொட்டியோட தூக்கிட்டுப் போயிருப்பான். மரமாவது நல்லாருந்திருக்கும்” என்றார்.

சரி, மரம் போகட்டும். நேற்று உங்கள் வீட்டிலிருந்து சிஹாரு தொலைபேசியில் பேசினாள்.

வசந்தத்திலிருந்து என் மகள் பள்ளிக்குப் போகவில்லை, மதியம்வரை தூங்கினாள். உண்மைதான். ஆனால் ஒருநாள் தானாகவே அரிசி கழுவி வைத்திருந்தாள். இன்னொரு நாள் குளியல் தொட்டியைத் தேய்த்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. பாராட்டினால்கூட நின்றுவிடும் என்று பயம். இந்த நிலையில், மாமாவோடு சப்போரோ போய்ப் படிக்கிறேன் என்று அவளே சொன்னதும் சந்தோஷத்தில் நானே பெட்டி கட்டிக் கொடுத்தேன்.

நான் கல்லறைக்குப் போயிருந்த நேரத்தில் நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. “உன்னாலதான் உங்கம்மா தெருவுல தலை குனிஞ்சு நடக்கிறா.” நான் எங்கே அண்ணா குனிந்தேன்? தொட்டியில் களை பிடுங்கத்தான் குனிவேன்!

அங்கே புதுப் பள்ளியில், அண்ணி கட்டிக் கொடுக்கும் மதியச் சோற்றைக் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு தின்கிறாளாம். “அத்தை மனசு நோகும்னு மிச்சம் வைக்கிறதில்லம்மா” என்றாள்.

மரத்துக்கும் பெண்ணுக்கும் முடிச்சுப் போடாதே என்பீர்கள். நான் எதற்குப் போட வேண்டும்? ஒரே காலையில் இரண்டிலும் கை வைத்தவர் நீங்கள்.

மரம் பருக்க இன்னும் பத்து வருஷம் ஆகட்டும், காத்திருப்பேன். இவள் விஷயத்தில் என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவளை விமானம் ஏற்றிவிடுங்கள். வழியில் புத்திமதி வேண்டாம். நீங்கள் கூட வரவும் வேண்டாம்.

இப்போது விசாரிக்கிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கால் வலி தேவலையா? அண்ணிக்கு என் வணக்கம். சிஹாருவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். விமானம் இறங்கி ரயில் பிடித்து வரட்டும், அம்மா ஓமியா ரயில் நிலைய வாசலில் நிற்பாள். அங்கிருந்து குறுக்குச் சந்தில் போக மாட்டோம். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே, நாலு பேரிடம் நின்று பேசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவோம்.

இப்படிக்கு,
கோபம் தீராத தங்கை
தோமோயோ