காலி டப்பாவின் மூடி

மதினி, இன்று காலை அடுப்படியில் என் கை தவறி டப்பா மூடி கீழே விழுந்தது. கணீரென்ற சத்தம் அடங்குவதற்குள், வாசலில் படுத்திருந்த பேத்தியின் நாய் ஓடிவந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டது. டப்பாவில், நாய்க்கென்று நான் சுட்டுவைக்கும் கம்பு வில்லை ஒன்றுகூட இல்லை; நேற்றே தீர்ந்துவிட்டது. நாய் என்னைப் பார்க்க, நான் உங்களை நினைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருச்சுழி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் கடலை மூட்டைகளை அடுக்கிவைக்கும் நம் கிட்டங்கி, அதை ஒட்டி உங்கள் வீடு. அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு லாரியோடு கிளம்பினால் திரும்ப நாள் கணக்காகும். அதுவரை உங்களுக்குத் துணை உங்கள் நாய் செவலை ஒன்றுதான். அது வாசலில் கிடந்தால்தான் நீங்கள் கண்ணை மூடுவீர்கள்.

அதற்கென்று தனிப் பலகாரமே செய்வீர்கள். வறுத்துத் திரித்த கம்பு மாவு, தோல் நீக்கி இடித்த கடலை, ஒரு முட்டை. உப்பு கிடையாது, கருப்பட்டி கிடையாது. வில்லையாகத் தட்டி, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் சுட்டு, மாடியில் மொறுமொறுவென்று காயவைப்பீர்கள். நான் வியாபாரி, சும்மா இருப்பேனா? கழித்துப்போட்ட கடலையில் ஒரு படி கொண்டுவந்து நீட்டினேன். முகர்ந்து பார்த்தீர்கள்.

"பூசணம் பூத்தத எந்தலையில கட்டுறீகளா கொழுந்தனாரே?"

"நாய்க்குத்தான மதினி?"

"அப்ப மொதல்ல நீங்க ஒரு கை தின்னு காமிங்க. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அதுக்குப் போடுறேன்."

நல்ல கடலையாக ஒரு படி அளந்தேன்.

செவலை பேர் சொன்னால் வாலை ஆட்டும், வராது. டப்பா மூடியைக் கரண்டியால் தட்டினால் எங்கிருந்தாலும் வந்துவிடும். "சத்தத்துக்கே வருதே, சும்மா தட்டுனாப் போதாதா?" என்று கேட்டேன். "கூப்புட்டா குடுக்கணும்" என்றீர்கள்.

மழை இல்லாத அந்த வருசம், பக்கத்து ஆட்டுக்கிடையில் தெருநாய்கள் புகுந்து குட்டிகளைக் கடித்துப் போட்டன. ஒரு மத்தியானம் கிடைக்காரர் மூச்சிரைக்க நம் வாசலுக்கு வந்தார்.

"மொதலாளி, கருவக்காட்டு ஓரமா கறியில வெச மருந்து வச்சிருக்கோம். ஒங்க நாயக் கட்டிப் போடுங்க."

திரும்பிப் பார்த்தேன். சங்கிலி மட்டும் கிடந்தது.

நான் முன்னால் ஓடினேன். செவலை ஒரு கருவேல மரத்தடியில் நின்றது. மூக்குக்கு நேர் கீழே கறித்துண்டு. பேர் சொல்லிக் கத்தினேன். வால்தான் ஆடியது, தலை நிமிரவில்லை. கல்லெடுத்தேன்.

"எறியாதீக! கவ்விக்கிட்டு ஓடிரும்!"

பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் இடுப்பில் அந்தத் தகர டப்பா. மூடியைக் கரண்டியால் தட்டினீர்கள். செவலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தது. மறுபடி குனிந்தது. நீங்கள் விடாமல் படபடவென்று தட்டினீர்கள். செவலை கறியை விட்டுவிட்டு உங்களிடம் வந்தது.

கழுத்தைக் கட்டிப்பிடித்து, வாயைப் பிளந்து, பல் பல்லாகப் பார்த்தீர்கள். கறியின் வாடைகூட இல்லை. அது டப்பாவை மூக்கால் இடித்தது. திறந்தால் உள்ளே வெறும் மாவுத்தூள்.

"மாடியில காயுது, ஓடிப்போயி ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

"அதான் பொழச்சிருச்சே. வீட்டுக்குக் கூட்டிப்போயிக் குடுப்போம் மதினி."

"கூப்புட்டுட்டேன்ல. போங்க!"

அந்த வெயிலில் ஓடினேன். திரும்பி வந்தபோதும் நீங்கள் அதே இடத்தில், அதைக் கட்டிப்பிடித்தபடி முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள். அது வில்லையைக் கடித்து முழுங்கிய பிறகுதான் உங்களுக்கு அழுகை வந்தது. கிடைக்காரர் அந்தக் கறியைக் குழிதோண்டிப் புதைத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அதற்கப்புறம் நான் என்னென்னவோ வாங்கி விற்றுவிட்டேன். எத்தனையோ பேரை வரச்சொல்லியிருக்கிறேன். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப நினைத்தபோதெல்லாம், முள்ளுக்குள் உட்கார்ந்து என்னை விரட்டிய உங்கள் முகம் குறுக்கே வந்து நிற்கும். லாபம் குறைந்ததுண்டு.

"கை தவறித்தான விழுந்துச்சு, விடுங்க தாத்தா. அது போயிரும்" என்கிறாள் பேத்தி. கடையில் வாங்கிய நாய் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள், வேண்டாமென்றேன். கை தவறியது எனக்குத் தெரியும், நாய்க்குத் தெரியுமா? முழங்கால் வலியோடு வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டேன் மதினி. கம்பு பொரிகிற வாசம் வருகிறது. நாய் இன்னும் நகரவில்லை.