பிரெகெசேயும் பிரஷர் மாத்திரையும்

தமாலே, ஞாயிறு

அன்புள்ள அராபாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் பெயின்ட் அடிக்கும்போது தலை சுற்றி ஏணியிலிருந்து விழுந்தேன். கீழே கடைசிப் படிதான். என்னைவிட பெயின்ட் வாளிக்குத்தான் சேதம் அதிகம்.

கிளினிக்கில் நர்ஸ் ரஹினாத்து பார்த்தபோது ரத்த அழுத்தம் ரொம்பவும் இறங்கியிருந்தது.

"பிரஷர் மாத்திரையோட வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

எதுவும் இல்லை என்றேன். அவள் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். நீ அனுப்பிய காய்ந்த பிரெகெசேக் காயை, நம் வீட்டுச் சமையல் வாசனைக்காகவே, தினமும் கொதிக்கவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இது மருந்தில்ல சிஸ்டர். வீட்டுக்காரி அனுப்பினது. நாங்க சூப்புல போடுறதுதான்."

"வீட்டுக்காரி அனுப்பினதுன்னு உங்க ரத்தத்துக்குத் தெரியுமா? மாத்திரையும் பிரஷரை இறக்கும், இதுவும் இறக்கலாம். ரெண்டும் ஒண்ணா இழுத்தா ஏணியில எப்படி நிப்பீங்க?"

எப்போதாவது சூப்பில் ஒரு துண்டு போடலாமாம். கஷாயம் கூடாது. மாத்திரையை நானாக நிறுத்தவும் கூடாது. இனி எந்தக் காய், வேர் சாப்பிட்டாலும் அவளிடம் சொல்லிவிட வேண்டுமாம். இப்போது தெம்பாக இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன்.

பஸ் கிளம்பப் போகிறது, டிரைவரிடம் இதைக் கொடுக்க வேண்டும். நீ காய் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதே. உடைக்காமல் முழுசாக அனுப்பு. தலைமாட்டில் ஆணியில் தொங்கவிடப் போகிறேன். அறையில் இருப்பவர்களிடம் கொசு விரட்ட என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன்
எபோ