லிஃப்ட் நின்ன அன்னைக்கு

மார்ச் 3
எனக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறதாம். போனில் செய்தி. அழித்தேன். என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறக்கணும். எட்டாம் வகுப்பை மட்டும் இரண்டு வருஷம் படித்தவன் நான். அடுத்தவனெல்லாம் ஒரு வருஷத்தோடு விட்டுவிட்டான். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தை முப்பத்தோரு வருஷம் ஏற்றி இறக்கியவன். லிஃப்டில் நுழைகிறவன் முகத்தைப் பார்த்தே மாடியைச் சொல்வேன்.

மார்ச் 5
புது நம்பரிலிருந்து ஒரு செய்தி: “நான்தான். போன் தண்ணில விழுந்துடுச்சு. இது புது நம்பர்.”

வாலு! என் தங்கச்சி மகள்! உடனே தட்டினேன்: “வாலு, நீயா? மாமா மேல கோபம் போச்சா?”

“ஆமா மாமா, வாலுதான். கோபமெல்லாம் இல்ல.”

இரண்டு வருஷம் கழித்து. கண் கலங்கவில்லை, தூசி.

தங்கச்சி ஆறாம் மாடியில் டைப் அடிப்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் வாலு நேரே என் லிஃப்டுக்கு வந்துவிடுவாள். ஸ்டூலில் ஏறி நின்று, “ஆறாம் மாடி, எறங்குறவங்க எறங்கலாம்” என்பாள், என் குரலிலேயே. மேனேஜரே அவள் சொன்னால்தான் இறங்குவார். தங்கச்சி தவறிப்போன பிறகு எனக்கென்று மிச்சம் அவள் ஒருத்திதான்.

மார்ச் 6
கோபம் உண்மையில் என்னுடையது. அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன் — எட்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது, உள்ளே பதினொரு பேர், நான் கூரையைப் பிரித்து ஏறி, கம்பியைக் கையால் இழுத்து எல்லாரையும் இறக்கினேன். வாலு சிரித்துக்கொண்டே, “மாமா, உண்மையை நான் சொல்லட்டுமா?” என்றாள். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். பிறகு எத்தனை தடவை கூப்பிட்டாள்! எடுத்தேனா?

மார்ச் 7
“மாமா, அவசரம். உங்க போனுக்கு ஆறு இலக்க நம்பர் ஒண்ணு வரும். அனுப்புங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

வந்தது. எழுத்து பொடிசு. எதிர்வீட்டு டெய்லர் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஊசியைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, வாலுங்கற பேரை முதல்ல எழுதினது அவளா, நீங்களா?”

நான்தான்.

“மாமான்னு?”

அதுவும் நான்.

“அப்போ அவ என்னதான் சொன்னா? இது உங்க பேங்க்லேருந்து வந்த நம்பர். உங்க பென்ஷன் மொத்தமும் இதுக்குள்ள இருக்கு. யார் கேட்டாலும் குடுக்காதீங்க. பழைய நம்பருக்குக் கூப்பிடுங்க. இல்ல, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சதை ஏதாவது கேளுங்க.”

கேட்டேன்: “லிஃப்ட் நின்ன அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?”

பதில் பறந்து வந்தது: “நீங்கதானே மாமா தைரியமா எல்லாரையும் காப்பாத்தினீங்க! நம்பரை அனுப்புங்க.”

இந்த ஒரு பதிலுக்காக எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இவள் வாலு இல்லை.

ஏனென்றால், எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள் — உள்ளே இருந்தது நாங்கள் இரண்டே பேர். விளக்கு போனதும் நான் உட்கார்ந்து அழுதேன். ஏழு வயசுப் பிள்ளை, ஸ்டூலில் ஏறி அலாரத்தை அழுத்தியவள் அவள். “அழாதீங்க மாமா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்றாள். இன்று வரைக்கும் சொல்லவில்லை.

மார்ச் 8
அந்த நம்பரைத் தடுத்துவிட்டேன். பழைய நம்பர் இருக்கிறது. விரல்தான் போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 9
இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், “லிஃப்ட் நின்ன அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு பார்ப்போம்” என்றேன்.



“இப்பவாவது சொல்லலாமா மாமா? சட்டையெல்லாம் நனையற அளவுக்கு அழுதீங்க.”

இந்தத் தடவை தூசி இல்லை.

மார்ச் 16
வாலு வந்திருந்தாள், மாப்பிள்ளையோடு. வேலை முடிந்து வந்தபோது நான் கொண்டுவந்த லிஃப்ட் ஸ்டூலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். இப்போது தலை உத்தரத்தில் முட்டுகிறது.

மாப்பிள்ளை, “மாமா, அந்த லிஃப்ட் கதை பாதியில நின்னு போச்சே?” என்றார்.

நானே சொன்னேன். இரண்டே பேர் என்றேன். அழுததையும் சொன்னேன். அலாரம் யார் அடித்தது என்பதையும்.

லிஃப்ட் நின்றது முதல் மாடிக்குக் கொஞ்சம் கீழே. அதை மட்டும் எட்டாம் மாடி என்றேன். வாலு என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை.