புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள்

இன்று காலை மகளின் முழங்கால் உறையைத் தேடி பீரோவைக் கலைத்தபோது, நீ தைத்துக் கொடுத்த ஜொள்ளுத் துணி கையில் அகப்பட்டது. பழைய வேட்டியைக் கிழித்து நாடா வைத்தது. நீ உயிரோடு இருந்திருந்தால், "முழங்கால் உறை எதுக்குடி?" என்று கேட்டிருப்பாய். சொல்கிறேன், பொறு.

காட்டூரில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. என் மகள் மலர் அப்போது ஐந்து மாதக் குழந்தை. ஓயாமல் ஜொள்ளு வடியும். மல்லாந்து கிடந்தால் அதுவே தொண்டையில் இறங்கிப் புரை ஏறும், முகம் சிவந்துவிடும். எனக்கு உயிரே போய்விடும். "மசக்கையில எதுக்கோ ஏங்கியிருக்க" என்று என் நாத்தனார் பழியை என் தலையில் போட்டாள். பிறகு குழந்தையின் உச்சந்தலையில் தட்டி, "துபாய்ல அப்பா நினைக்கிறாரு" என்பாள்.

ஒருநாள் நீ போனைப் பிடுங்கி என் கணவரிடம், "அண்ணே, கொஞ்ச நேரம் நினைக்காம வேலையைப் பாருங்க, பிள்ளைக்குப் புரை ஏறுது!" என்றாய். அந்தப் பயத்திலும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்று மாலையே பலமாக ஏறியது. நான் போட்ட கூச்சலில் ஓடிவந்தாய். அவளை மடியில் உட்காரவைத்து, தாடையைத் தாங்கி முன்னால் சாய்த்தாய். "இருமுறால்ல? இருமுற பிள்ளைக்கு மூச்சு இருக்குடி. நீ முதல்ல மூச்சு விடு." உன் புடவையெல்லாம் ஜொள்ளாக்கிவிட்டு வீரிட்டு அழுதாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை, எச்சிலை விழுங்க இன்னும் பழகவில்லை, பழகிவிடுவாள் என்றார். திரும்பும்போது, "பழகிடுவாளாம்!" என்று ஆட்டோக்காரரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாய்.

பழகிவிட்டாள்டி! இன்று ஸ்ரீரங்கத்தில் பள்ளிகளுக்கான கபடி இறுதி ஆட்டம். கடைசியாகப் பாடிப் போனது நம் மலர்தான். மூன்று பேர் காலைப் பிடித்துத் தொங்க, "கபடி கபடி" என்று விடாமல், ஒரே மூச்சில் இழுத்துவந்து கோட்டைத் தொட்டாள். நான் போட்ட கூச்சல் உனக்கும் கேட்டிருக்கும்.

கோப்பையோடு வந்தவள் மடமடவென்று தண்ணீர் குடித்தாள். புரை ஏறியது. நாத்தனார் பழைய ஞாபகத்தில் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்றாள். துபாயை விட்டு வந்துவிட்ட மலரின் அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இந்தத் தடவை நான் இல்லப்பா. இங்கதானே நிக்கிறேன்" என்றார்.

காலையில் கையோடு எடுத்துவந்திருந்த அந்த ஜொள்ளுத் துணியால் மலரின் முகத்தைத் துடைத்தேன். நீ நன்றாக நினைத்துக்கொள். இருமினால் இருமட்டும், அவளுக்கு மூச்சு இருக்கிறது.